சம்பந்தியும் கோடியின்ர தொடையும்

இருங்கோ பிள்ளை, இருங்கோ. இந்தப் பையை நான் மடியில வைக்கிறன். தமிழ்தானே? நினைச்சனான். எந்த ஊர்? மதுரையோ? நல்லது. நான் யாழ்ப்பாணம், சுன்னாகம். இப்ப இந்த ஒஸ்ரேலியாவில வாட்டில் கிறீக். நான் கதைக்கிறது விளங்காட்டிச் சொல்லுங்கோ, மெல்லமாக் கதைக்கிறன். மெல்லமாத்தான், குறைச்சு இல்லை.

ஒரு உதவி செய்யுங்கோ. அந்தா, பஸ்ஸின்ர முன்சீற்றில நீலத் தொப்பி போட்டுக்கொண்டு ஒருத்தர் இருக்கிறார் எல்லே, அவரைப் பாத்துச் சிரிச்சுப்போடாதேங்கோ. சிரிச்சால் எழும்பி வந்து ஆட்டுக்கடாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவார். அவர் குலசிங்கம். என்ர சம்பந்தி. என்ர மகள் சாம்பவியைக் கட்டினவரின்ர தேப்பன். அவற்ற மனுசியும் இல்லை, என்ர மனுசனும் இல்லை. அதாலை பிள்ளையள் எங்கள் ரண்டு பேரையும் ஒரே வீட்டில வைச்சிருக்கினம். அவர் கீழ, நான் மேல. ரீவி ஒண்டு. இனி நீங்களே விளங்கிக்கொள்ளுங்கோ.

ஆட்டுக்கடா எண்டால் ஆடில்லை, புட்டி ரீம். இங்கத்தைப் புட்போலுக்குப் புட்டி எண்டுதான் பேர். நீங்கள் வந்து எவ்வளவு காலம்? ஆ, அப்ப பாத்திருக்க மாட்டியள். முட்டை மாதிரி ஒரு பந்து. ரண்டு பக்கமும் நாலு நாலு கம்பம். நடு ரண்டுக்கும் இடையால உதைச்சால் ஆறு புள்ளி. ஓரத்தால போனால் பாவம் பாத்து ஒரு புள்ளி. குறி தப்பினவனுக்கும் கூப்பிட்டுப் புள்ளி குடுக்கிற விளையாட்டு வேற எங்கயும் இருக்கோ? எனக்கு உதாலதான் உதில பிடிப்பு வந்தது.

ரீவியில வாற பெரிய ரீமுகளைச் சொல்லேல்லை. இது எங்கட சுத்துவட்டாரத்துப் பொடியள். கிழமை நாளில பைப் பூட்டுவாங்கள், ஓடு போடுவாங்கள், பாண் சுடுவாங்கள். சனிக்கிழமை வந்தால் கடா. ஸ்டோன் ஹில்காரர் ஆட்டுக்கடா. எங்கட வாட்டில் கிறீக்காரர் பெலிக்கன், அதுதான் கூழைக்கடா. ரண்டும் கடாதான், ஆனால் ஒண்டுக்கு மூளையிருக்கு, மற்றதுக்குக் கொம்பிருக்கு.

என்ர மருமோன் ரூபன் கூழைக்கடாவுக்குப் பிசியோ. விளையாடுறவைக்குக் கால் பிடிச்சால், கை சுளுக்கினால், உருவி, நீவி, கட்டுப் போட்டு விடுறது. மருமோன்ர ரீம் எண்டால் மாமியார் அதுக்குத்தானே கத்துவாள்? தேப்பனும் அதுக்குத்தானே கத்தவேணும்? இல்லை. உந்த மனுசன் மகன்ர ரீமுக்கு எதிராக் கத்துறவர். ஏன் எண்டு கேட்டால், "நான் தனியாத்தான் ரீம் தெரிவு செய்வன். மகன்ர தயவில எனக்கு ரீம் வேண்டாம்" எண்டார். சாப்பாடு மகன்ர தயவு, ரீம் மட்டும் சுயமரியாதை.

எங்களுக்குள்ள வேற கதை ஒண்டுமில்லை பிள்ளை. அதை முதலே சொல்லிப்போட்டன். வெள்ளிக்கிழமை பின்னேரம் குசினி மேசையில தேத்தண்ணியோட இருந்து அடுத்த நாள் மட்சைப் பற்றிக் கதைப்பம். அவ்வளவுதான். ஆர் நல்லா ஓடுறான், ஆருக்குக் கணுக்கால் வீங்கியிருக்கு, ஆர் போன கிழமை தலையில அடிபட்டவன், ஆர் கலியாணம் கட்டினதோட மெத்தனமாப் போனான். வெள்ளிக்கிழமைதான். பிறகு வியாழக்கிழமையில ரீம் பேர் அறிவிக்கிறதாலை வியாழனும் இருந்தம். திங்கள் செவ்வாய் நடந்த மட்சைப் பற்றி. புதன்கிழமை ஒண்டுமில்லை. புதன்கிழமையில நான் கோயிலுக்குப் போறனான், அவர் சும்மா துணைக்கு வருவார்.

இப்ப கோடிக்கு வாறன். கோடி எங்கட கூழைக்கடாவின்ர பெரிய ஆள். காசுக் கோடியுமில்லை, வீட்டுக் கோடியுமில்லை, பொடியன்ர பேர் அது. கதவால குனிஞ்சுதான் வருவான். கோல் அடிக்கிறதெல்லாம் அவன்தான். போன வருசம் பைனலுக்கு முதல் கிழமை அவன் பயிற்சிக்கு வரேல்லை. ஊர் முழுக்க ஒரே கதை. தடிமன் எண்டு ஒருத்தன், பெட்டை விட்டிட்டுப் போட்டாள் எண்டு இன்னொருத்தன். எதிர்ப்பக்கம் ஆட்டுக்கடா. கோடி இல்லாட்டி எங்களுக்குச் சங்குதான்.

ரூபனைக் கேட்டன். சோத்துக்குள்ள ரண்டு இறால் கூடப் போட்டுக் கேட்டன்.

"மாமி, நோயாளியின்ர விசயம் நான் வெளியில சொல்லேலாது" எண்டார்.

"நான் வெளியே ராசா? நான் மேல் அறை."

சொல்லேல்லை. இறாலைச் சாப்பிட்டிட்டு எழும்பிப் போட்டார்.

பிள்ளையார் இருக்கிறார் எல்லே? அடுத்த நாள் சூப்பர்மாக்கற்றில பாத்தால் கோடி நிக்கிறான். கூடையோட, தன்ர பாட்டில பால் பாத்துக்கொண்டு. நான் ஒளிச்சு நிண்டு நடையைப் பாத்தன். நேரா நடக்கேக்கை ஒண்டும் தெரியேல்லை. அவங்கள் கெட்டிக்காரர், தெருவில நொண்ட மாட்டாங்கள். குனியப் பண்ணவேணும் எண்டு யோசிச்சன். கிட்டப் போய், "மகன், எனக்கு நாரிப் பிடிப்பு, இடுப்பு வளையாது, அந்தக் கீழ்த்தட்டில இருக்கிற தேங்காய்ப்பால் ரின் ஒண்டை எடுத்துத் தாறீரோ?" எண்டன். நல்ல பொடியன். உடன குந்தப் போனான். பாதி குந்தினவன், அப்பிடியே நிண்டான். முகம் சுளிச்சுது. வலக்காலைப் பின்னுக்கு நீட்டி, பிறையைப் போல வளைஞ்சு, ஒரு மாதிரி எடுத்துத் தந்தான்.

பின்தொடை. சந்தேகமே இல்லை.

அவனுக்கு நன்றி சொல்லிப்போட்டு, "இன்னொண்டு வேணும்" எண்டன். ஏன் அப்பிடிப் பாக்கிறியள்? ஒருக்காப் பாத்துத் தீர்ப்புச் சொல்லலாமோ?

சம்பந்திக்கு நான் மூச்சும் விடேல்லை. அண்டைக்குப் பின்னேரம் மேசையில இருந்து, "உங்கட கோடி வருவானோ?" எண்டு கேட்டார். "ஏன் வரமாட்டான், குதிரை மாதிரி நிக்கிறான்" எண்டன். எதிர் ரீம் ஆளுக்கு உண்மை சொல்லலாமோ? தேங்காய்ப்பாலில சொதி வைச்சுக் குடுத்தன். ரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

எனக்கு இந்தக் கால் கை விசயத்தில நல்ல கண் பிள்ளை. ஆர் நொண்டினாலும், எங்க நோகுது எண்டு பாத்த உடன சொல்லிப்போடுவன். ரூபனே, "மாமி, நீங்கள் படிச்சிருக்கவேணும்" எண்டு சொன்னவர்.

ஆனால் இந்தச் சம்பந்தி அந்த நாளில எனக்குச் சரியான கோவம் வரப்பண்ணினவர். மைதானம் எங்கட வீட்டிலயிருந்து கிட்ட, நடந்துதான் போறனாங்கள். முந்தி அவர் விறுவிறு எண்டு முன்னால போய், திரும்பி நிண்டு, "ஆமை வருது" எண்டு என்னைப் பகிடி பண்ணுவார். போன சீசன் கடைசியில என்னடா எண்டால், ஒவ்வொரு வீட்டு வேலியடியிலும் நிண்டு ரோசாப்பூப் பாக்கத் தொடங்கினார். "நீங்கள் போங்கோ, நான் இந்தப் பூவை ஒருக்காப் பாத்திட்டு வாறன்." பூவில்லாத வேலியடியிலும் நிண்டார். குப்பைப் பெட்டி வைச்சிருந்த இடத்திலயும் நிண்டு பாத்தார். நான் நினைச்சன், என்னோட சேந்து நடக்கிறது மனுசனுக்கு வெக்கமாக்கும், கோயில் ஆக்கள் ஆரும் காணுவினம் எண்டு பயமாக்கும். சரி, உமக்கு அவ்வளவு எண்டால் எனக்கும் அவ்வளவு எண்டு நானும் விறுவிறு எண்டு முன்னால நடந்தன். திரும்பியும் பாக்கேல்லை.

பைனல் அண்டைக்கு நான் மட்டன் ரோல்ஸ் சுட்டுக் கொண்டு போனனான். சாம்பவிக்கு வேலை. ரூபன் காலமையே ரீமோட போட்டார். நாங்கள் ரண்டு பேரும் கோல் கம்பத்துக்குப் பின்னால கதிரை போட்டு இருந்தம். கோடி வந்தான்! தொடையில சேலைத் தலைப்பு அளவுக்குக் கட்டு. எனக்கு மட்டும் தெரியும் அது ஏன் எண்டு. மற்றவை எல்லாம் பாசன் எண்டு நினைச்சிருப்பினம்.

என்ன மட்ச் பிள்ளை அது! அவங்கள் ஒண்டு அடிச்சால் நாங்கள் ஒண்டு. வழமையா ஆட்டுக்கடா கோல் அடிச்சால் சம்பந்தி எழும்பி நிண்டு தொப்பியைச் சுழட்டுவார். அண்டைக்கு இருந்தபடியே கையை மட்டும் ஆட்டினார். ரோல்ஸ் பெட்டியை நீட்டினன். வேண்டாம் எண்டார். எனக்கு அங்கதான் ஒரு மாதிரி இருந்தது. உந்த மனுசன் என்ர ரோல்ஸை வேண்டாம் எண்டு சொன்னதை அதுக்கு முதல் நான் ஒருநாளும் கண்டதில்லை. காத்து ஐஸ் மாதிரி அடிக்குது, இவற்ற நெத்தியால வேர்வை ஓடுது. "தோத்திடுவம் எண்டு பயமோ?" எண்டு கேட்டன். சிரிச்சார். இடத்தோளைத் தடவிக்கொண்டு சிரிச்சார்.

கடைசிக் கட்டம். நாங்கள் அஞ்சு புள்ளி பின்னுக்கு. பந்து மேல போகுது, கோடி அந்தத் தொடையோட, ரண்டு பேற்ற முதுகில ஏறிப் பிடிச்சான் பாருங்கோ, எங்களுக்கு நேர முன்னால! பிடிச்சால் ஆரும் குறுக்க வரேலாது, ஆறுதலா நிண்டு உதைக்கலாம். உள்ள போனால் ஒரு புள்ளியால எங்களுக்குக் கப். சனம் முழுக்க எழும்பிட்டுது. "என்ன சம்பந்தி, இப்ப என்ன சொல்லுறியள்?" எண்டு திரும்பினன்.

ஆள் கதிரையில இல்லை. புல்லில இருக்கிறார். முகம் சாம்பல்.

"எனக்கொண்டுமில்லை" எண்டார். "நீங்கள் பாருங்கோ. பொடியன் உதைக்கப் போறான்."

நான் பாக்கேல்லை. நிலத்தில குந்திட்டன். எந்த நாரிப் பிடிப்பும் எனக்கு அப்ப வரேல்லை. கையைப் பிடிச்சால் கை பச்சைத் தண்ணி. பின்னால சனம் கத்துது, மட்ச் முடியிற சைரன் அடிக்குது, அது அழுகையோ சிரிப்போ எண்டு எனக்குத் தெரியாது. நான் "ரூபன், ரூபன்" எண்டு கத்தினன். இங்கிலிசு முழுக்க மறந்து போச்சு.

ரூபன் ஓடி வந்தார். முதலுதவி ஆக்கள் வந்தினம், பிறகு ஆம்புலன்ஸ். அதில வந்த பெட்டை, "ஒராள்தான் கூட வரலாம்" எண்டாள். ரூபன் காலைத் தூக்கி வைக்க முந்தி நான் ஏறி இருந்திட்டன். பெத்த மகன் கீழ நிக்கிறான். அவள் என்னைப் பாத்து, "நீங்கள் மனைவியோ?" எண்டு கேட்டாள்.

ஓம் எண்டன்.

ஏன் சிரிக்கிறியள்? யோசிச்சுப் பாருங்கோ. ரூபனுக்குக் கார் ஓடத் தெரியும், எனக்குத் தெரியாது. அவர் ஏறினால் காரை ஆர் கொண்டு போறது? அதோட சம்பந்தி எண்டால் என்னண்டு இங்கிலிசில சொல்லுறது? "இவர் என்ர மகளின்ர புருசன்ர தேப்பன்" எண்டு நான் விளங்கப்படுத்தி முடிக்க அந்த மனுசன் செத்துப் போயிடும். நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் ஓம் எண்டன். வேற ஒண்டுமில்லை.

இனித்தான் என்ர கோவத்தைக் கேளுங்கோ. ஆஸ்பத்திரியில டொக்டர் வந்து ரூபனிட்டைச் சொல்லுறார், இவருக்கு இது முதலே தெரியுமாம். நெஞ்சுக் குழாய் அடைப்பு. மாசக்கணக்கா மருந்து குடிக்கிறாராம். உடன வந்து ஒப்பிரேசன் செய்யச் சொன்னதுக்கு, "பைனல் முடிய வாறன்" எண்டு சொல்லிப்போட்டு வந்தவராம்! ரோசாப்பூவும் இல்லை, ஒரு கோதாரியும் இல்லை. மூச்சு வாங்க நிண்டிருக்கிறார்.

நான் கேக்கிறன் பிள்ளை. கோடியின்ர தொடையை நான் அவருக்கு மறைச்சன், நியாயம். அவர் எதிர்ப்பக்கம். தன்ர நெஞ்சை எனக்கு மறைக்க நான் என்ன எதிர் ரீமோ? ஒவ்வொரு பின்னேரமும் முன்னால இருந்து தேத்தண்ணி ஊத்திக் குடுத்தனான். ஊரில இருக்கிற பொடியள் எல்லாற்ற முழங்காலும் கதைச்சனாங்கள். ஒருக்கா, ஒரே ஒருக்கா, "எனக்கும் ஏலாமல் இருக்கு" எண்டு சொன்னால் வாய் தேஞ்சிடுமோ?

நெஞ்சைப் பிளந்து ஒப்பிரேசன் செய்தவை. தப்பிட்டார்.

கண் முழிச்சு வாட்டுக்கு வந்தாப் பிறகு முதல் கேள்வி, "ஆர் வெண்டது?" எனக்கும் தெரியாது. மெய்யாத் தெரியாது. நான் ஒருத்தரையும் கேக்கேல்லை. அந்த நாளெல்லாம் எனக்கு அது ஞாபகத்துக்கு வரேல்லை, அது வேற விசயம். ரூபன் சொல்ல வாயெடுத்தார். "சொல்லாதை!" எண்டு ரண்டு பேரும் ஒண்டாக் கத்தினம். நேர்ஸ் ஓடி வந்திட்டாள்.

கிளப்காரர் மட்சை வீடியோ எடுத்து வைச்சிருந்தவை. ரூபன் அதைக் கொண்டு வந்து தந்தார். கட்டில் ஓரத்தில கதிரையைப் போட்டு ரண்டு பேரும் பாத்தம். அந்தக் கடைசிக் கட்டம் வருது. கோடி ஏறிப் பிடிச்சிட்டான். பந்தைக் கையில வைச்சு, புல்லைப் பிடுங்கிக் காத்துப் பாக்கிறான். நான் சம்பந்தியைப் பாத்தன். நெஞ்சில பெரிய தையல். மூக்கில குழாய். எனக்கு ஒரு பயம் வந்திட்டுது. இது உள்ள போய் ஆட்டுக்கடா தோத்தால் இந்த மனுசன்ர நெஞ்சு என்ன பாடு படும்?

கண்ணை மூடிக்கொண்டு, "பிள்ளையாரே, பந்து வெளியால போகவேணும், நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறன்" எண்டு நேந்தன். நான்! கூழைக்கடா தோக்கவேணும் எண்டு! அதுவும் எப்பவோ நடந்து முடிஞ்ச மட்சுக்கு. பிள்ளையார் இதில என்ன செய்யிறது? ஆனால் செய்தார் பாருங்கோ. கண்ணைத் துறந்தால் பந்து போய்க் கம்பத்தில பட்டு ஓரத்தால தெறிக்குது. ஒரு புள்ளி. நாலு புள்ளியால ஆட்டுக்கடா கப் எடுத்திட்டுது.

துள்ளுவார் எண்டு பாத்தன். துள்ளேல்லை. கோடி தொடையைப் பிடிச்சுக்கொண்டு நிலத்தில கிடக்கிறதையே பாத்துக்கொண்டிருந்தார்.

"பொடியனுக்குப் பின்தொடை" எண்டார். "உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம், தெரியும்."

"தெரிஞ்சுகொண்டு எனக்குக் குதிரை எண்டு சொன்னீங்களோ?"

"நீங்கள் எனக்கு ரோசாப்பூ எண்டு சொல்லேல்லையோ?"

அவர் சிரிச்சார். சிரிக்கத் தையல் இழுத்து நொந்துது. நோகுது எண்டு சொன்னார். முதல்தடவையா எனக்கு வாய் துறந்து, "இதில நோகுது" எண்டு தொட்டுக் காட்டிச் சொன்னார். நான் தலையணையை எடுத்து நெஞ்சோட சேத்துப் பிடிச்சன். அப்பிடிப் பிடிச்சால் நோ குறையுமாம், நேர்ஸ் சொல்லித் தந்தவள்.

பிறகென்ன, கோயிலில கதை கட்டிட்டினம். ஆம்புலன்ஸில நான் ஓம் எண்டது எப்பிடித்தான் போச்சோ தெரியாது. சாம்பவி முகத்தைத் தூக்கிக்கொண்டு, "அம்மா, சிட்னியில அண்ணா வீட்டில கொஞ்ச நாள் போய் இருங்கோவன், கதை அடங்கட்டும்" எண்டாள். நான் போவனே? சிட்னியில ஆக்கள் வேற ஏதோ புட்டியை விளையாடுறாங்களாம். மாடுகள் மாதிரித் தலையால முட்டிக்கொண்டு. எனக்கு அது விளங்காது. விளையாட்டுக்காகத்தான் நான் போகேல்லை எண்டு சாம்பவிக்கு வடிவா விளங்கப்படுத்தினன். அவள் என்னைக் கன நேரம் பாத்துப்போட்டு, "சரி அம்மா" எண்டு சொல்லிச் சிரிச்சாள். ரூபனும் சிரிச்சார். என்ன பகிடியைக் கண்டினமோ.

இண்டைக்குப் புது சீசன்ர முதல் மட்ச். ஸ்டோன் ஹில்லில. திரும்பவும் ஆடும் கூழையும். கோடி நல்லா ஓடுறானாம், தொடை மாறிட்டுதாம். ஆட்டுக்கடாவில ரண்டு பேருக்கு முழங்கால் சரியில்லை. எங்கட பக்கம்தான் கை ஓங்கியிருக்கு. இதை நான் சொன்னால் அவர் எதிர்த்துச் சொல்லுவார், நான் விடமாட்டன், டொக்டர் சத்தம் போட வேண்டாம் எண்டு சொன்னவர். அதாலதான் பஸ்ஸில தனித்தனியா இருக்கிறம். இருந்து என்ன, கழுத்துச் சுளுக்கிற அளவுக்குத் திரும்பித் திரும்பிப் பாக்கிறார். பாருங்கோ, இப்பவும்.

ஒண்டு மட்டும் எனக்கு விளங்கேல்லை பிள்ளை. நீங்கள் நேர்சிங் படிக்க வந்தனான் எண்டு சொன்னியள், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். என்ர பேர் கமலலோசனி. என்ர மனுசன் போனாப் பிறகு பேர் சொல்லி ஒருத்தரும் கூப்பிடுறதில்லை. பிள்ளையளுக்கு அம்மா, ரூபனுக்கு மாமி, இவருக்குச் சம்பந்தியம்மா. ஒப்பிரேசன் முடிஞ்சு கண்ணைத் துறக்கேக்கை இவர், "லோசனி வந்திட்டாவோ?" எண்டு கேட்டவராம். நேர்ஸ் சொன்னாள், அது மயக்க மருந்து செய்யிற வேலை, ஆக்கள் வாயில வந்ததெல்லாம் சொல்லுவினம், ஒரு நாளில இறங்கிடும் எண்டு. நானும் பேசாமல் விட்டிட்டன்.

ஆ, மணியை அமத்துறார். எங்கட இடம் வந்திட்டுது. பையைத் தாங்கோ.

கேட்டியளோ? என்னண்டு கூப்பிட்டவர்? "லோசனி, இறங்குவம்" எண்டவரோ?

பாத்தியளே. ஒப்பிரேசன் செய்து அரை வருசமாச்சு. மருந்து இன்னும் இறங்கேல்லை.